ஒரே மேக்ஃபைல், இரண்டு விண்டோஸ்

கேள்வி: எங்கள் ஊர்ச் சிறு விவசாயிகள் போடும் பச்சைத் தேயிலையின் எடைக் கணக்குக்காக சி மொழியில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். என் உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப்பில் மேக்ஃபைல், அதாவது நிரலை உருவாக்கும் படிகளை எழுதிவைத்த கோப்பு, ஒழுங்காக ஓடுகிறது. தோழியின் விண்டோஸிலும் ஓடுகிறது. இலை கொள்முதல் நிலையத்து விண்டோஸில் மட்டும் கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' என்ற கட்டளையே தெரியாது என்கிறது. மேக்ஃபைலைப் படித்து இயக்க இரண்டு விண்டோஸிலும் போட்டது ஒரே ஜிஎன்யூ மேக்தான். என்ன காரணம்?
- கல்லூரி மாணவி, கோத்தகிரி

பதில்: உங்கள் தோழி கிட் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் மென்பொருள்) நிறுவியபோது, ஆர்எம் போன்ற யூனிக்ஸ் கருவிகளையும் பாத்தில் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர் பட்டியல்) சேர்க்கும் விருப்பத்தை டிக் செய்திருப்பார். விண்டோஸில் ஓடும் ஜிஎன்யூ மேக், 'எஸ்ஹெச்' என்ற ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) பாத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் கட்டளைகளை அதனிடம் கொடுக்கும். இல்லையென்றால் விண்டோஸின் சிஎம்டியிடம் கொடுத்துவிடும். சிஎம்டிக்கு டெல், காப்பி தெரியும். ஆர்எம், சிபி எதுவும் தெரியாது.

மேக்கைத் திட்டாதீர்கள். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் அதை எழுதியது யூனிக்ஸுக்காக. எந்தக் கோப்பு எதைவிடப் பழசு என்று பார்த்து, தேவையானதை மட்டும் மறுபடி உருவாக்க ஆள் அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அழிப்பதும் நகலெடுப்பதும் ஷெல்லின் பாடு.

எம்எஸ்ஒய்எஸ்2 நிறுவினால் அந்த யூனிக்ஸ் கட்டளைகள் விண்டோஸுக்கும் வந்துவிடும். ஆனால் இறக்குவதற்கு டேட்டா நிறைய வேண்டும். மழை நாளில் நம் மலையில் நெட் எப்படி என்று உங்களுக்கே தெரியும். சிமேக்குக்கு மாறலாம். ஒரே விவரக் கோப்பை வைத்து லினக்ஸுக்கு மேக்ஃபைலும் விண்டோஸுக்கு விஷுவல் ஸ்டுடியோ புராஜெக்ட்டும் அதுவே எழுதித் தரும். நாலைந்து கோப்புள்ள நிரலுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

நானாக இருந்தால் கொள்முதல் நிலையத்துக் கணினியில் கம்பைலரையே (சி நிரலை ஓடும் கோப்பாக மாற்றும் மென்பொருள்) வைக்க மாட்டேன். இலை மூட்டையோடு ஆட்கள் வரிசையில் நிற்கிற இடத்தில் அது எதற்கு? உபுண்டுவிலேயே விண்டோஸுக்கான நிரலை உருவாக்கித் தரும் மிங்டபிள்யூ-டபிள்யூ64 தொகுப்பை நிறுவுங்கள். மேக்ஃபைலில் கம்பைலரின் பெயரை ஜிசிசி என்று நேரடியாக எழுதியிருந்தால் அதை சிசி என்ற மாறியாக்குங்கள். விண்டோஸுக்கு வேண்டும்போது அந்த மாறியில் மிங்டபிள்யூ கம்பைலரின் பெயரைக் கொடுத்தால் இஎக்ஸ்இ கோப்பு உங்கள் லேப்டாப்பிலேயே தயார். பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடுங்கள்.

அப்புறம், கோப்புப் பெயர்களில் இடைவெளி விடாதீர்கள். இடைவெளி வந்தால் மேக் அதை இரண்டு பெயராகப் பிரித்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது. தோழி நிரலில் சேர்க்கும் ஹெடர் கோப்பின் பெயர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கே ஓடிவிட்டு உங்கள் உபுண்டுவில் மாட்டும்.

கேள்வி: கோப்பில் உள்ள எழுத்துகளை அதே கோப்பிலேயே மாற்ற உபுண்டுவில் ஓடும் 'செட் டேஷ் ஐ' (எஸ்இடி -ஐ) கட்டளை என் ஆப்பிள் கணினியில் பிழை தருகிறதே?
- வாசகர், குன்னூர்

பதில்: ஆப்பிளில் இருப்பது பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் கிளை வழி வந்த செட். டேஷ் ஐக்கு அடுத்து, பழைய கோப்பைப் பத்திரப்படுத்த ஒரு பின்னொட்டு கேட்கும். வேண்டாம் என்றால் வெற்று மேற்கோள் குறிகளையாவது தர வேண்டும். அப்படித் தந்தால் உபுண்டு கோபித்துக்கொள்ளும்! டேஷ் ஐயை விட்டுவிட்டு, வெளியீட்டை வேறு கோப்பில் எழுதி, பிறகு பெயர் மாற்றுங்கள். இரண்டிலும் ஓடும்.