செவிலியர் ஆராய்ச்சியால் வார்டில் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா?

கேட்டிருப்பவர் வார்டில் பணிபுரியும் செவிலியர்; மேற்படிப்புக்காக ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறார். "செவிலியர் ஆராய்ச்சி என்றாலே கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போடுவதுதானே, அதனால் எந்த நோயாளிக்காவது பயன் கிடைத்திருக்கிறதா?" என்பது அவருடைய கேள்வி. அறுவைச் சிகிச்சை வார்டில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது வார்டிலும் ஆய்விலுமாகக் காலம் தள்ளுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: கிடைத்திருக்கிறது. உங்கள் சலிப்பிலும் நியாயம் இருக்கிறது, அதைப் பின்னால் பேசுகிறேன்.

நரம்பு வழியாக மருந்து ஏற்றக் கையில் குத்தியிருக்கும் வென்ஃப்ளான் என்ற சிறு குழாயிலிருந்து தொடங்கலாம். மூன்று நாள் ஆனதும், அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் எடுத்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகக் குத்த வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நரம்பே கிடைக்காத முதியவரிடம், ஒழுங்காக ஓடுகிற ஊசியை எடுத்துவிட்டு மறுகையைத் தட்டித் தட்டித் தேடும்போது அவர் நம்மைப் பார்க்கிற பார்வையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த விதி தேவைதானா என்று ஆஸ்திரேலியச் செவிலியர் ஆய்வாளர் கிளேர் ரிக்கார்டும் அவருடைய குழுவினரும் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் மூன்று மருத்துவமனைகளில் சோதித்தார்கள். மொத்தம் 3283 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாய மாற்றம். மற்றவர்களுக்கு வலி, வீக்கம், அடைப்பு என்று காரணம் இருந்தால் மட்டுமே மாற்றம். யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஊசி குத்திய நரம்பு வலித்து வீங்கும் சிரை அழற்சி இரண்டு பிரிவிலும் 7 சதவீதம்தான். எத்தனையோ வார்டுகளில் எத்தனையோ கைகள் காரணமில்லாமல் குத்துப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது. 2021-இல் ஜெனீவாவிலிருந்து வேறொரு ஆய்வு வந்தது. அங்கே கட்டாய மாற்றத்தைக் கைவிட்ட காலத்தில், எண்ணிக்கையில் குறைவுதான் என்றாலும், ரத்தத் தொற்று கூடியிருந்தது. பழைய முறைக்குத் திரும்பியதும் அது குறைந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: "தேவைப்பட்டால் மாற்று" என்ற விதி, ஒவ்வொரு ஷிப்டிலும் யாரோ ஒருவர் கட்டை விலக்கி ஊசி குத்திய இடத்தைக் கண்ணால் பார்க்கிறார் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. பார்க்க ஆளில்லாத வார்டில், நாள் கணக்கு வைத்து மாற்றுகிற முரட்டு விதியே மேலாக இருக்கலாம். எனவே ஓர் ஆய்வு முடிவைப் படிக்கும்போது "இது உண்மையா?" என்று கேட்பதோடு, "அங்கே என்னென்ன ஏற்பாடுகள் இருந்ததால் இது நடந்தது?" என்றும் கேளுங்கள்.

படுக்கைப் புண்ணிலும் இதே கதைதான். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1962-இல் முதியோர் வார்டுகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். முதுகில் எதைத் தடவுவது, எதைத் தேய்ப்பது என்பதிலேயே கவனம் இருந்த காலம் அது. புண்ணைத் தடுப்பதில் தைலத்தைவிட ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பதே முக்கியம் என்பதை அந்த ஆய்வு முன்னால் கொண்டுவந்தது. யாருக்குப் புண் வரக்கூடும் என்று கணிக்க நார்ட்டன் அளவுகோல் என்று நாம் படித்ததும் அங்கிருந்து வந்ததுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்ற வழக்கம் பிறகு கல்வெட்டாகவே ஆகிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, அதே நோக்கத்துக்கான பிரேடன் அளவுகோலை உருவாக்கிய இருவரில் ஒருவரான நான்சி பெர்க்ஸ்ட்ராம் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் இருந்த 942 பேரிடம் அதைச் சோதித்தார். அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தவர்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 2013-இல் வந்த இந்த முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு, மெத்தை வாங்காமல் திருப்புவதை மட்டும் குறைக்கிற நிர்வாகம் வந்தால் அதற்கு ஆய்வு பொறுப்பாகாது.

இனி ஆள் பற்றாக்குறை. உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் செவிலியர் ஆராய்ச்சியின் மிக வலுவான பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

ஒரு செவிலியர் எத்தனை நோயாளியைப் பார்க்கலாம் என்பதைப் பல காலம் நிர்வாகத்தின் தயவாகவே வைத்திருந்தார்கள். "முடியவில்லை" என்று சொன்னால் அது புலம்பல். 2002-இல் அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் குழுவினரும் அங்கே பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளையும் செவிலியர்களிடம் எடுத்த கணக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. நான்கு பேரைப் பார்ப்பவர் எட்டுப் பேரைப் பார்க்க நேர்ந்தால் அது 31 சதவீதம் கூடுகிறது. அதே ஆய்வில் பணிச்சோர்வும் வேலை அதிருப்தியும் கூடுவது தெரிந்தது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் பார்த்தபோதும் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும் அதே 7 சதவீதம் வந்தது. அங்கே இன்னொன்றும் தெரிந்தது: பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடினால் இறப்பு வாய்ப்பு ஏறக்குறைய 7 சதவீதம் குறைவாக இருந்தது.

இதைப் படித்ததும் கையைத் தட்டுவதற்கு முன் எதிர்வாதத்தைக் கேட்க வேண்டும். ஆள் அதிகம் வைத்திருக்கும் மருத்துவமனை பணமும் கருவிகளும் நல்ல மருத்துவர்களும் உள்ள இடமாக இருக்கலாமே, செவிலியர் எண்ணிக்கைக்கு ஏன் பெயர் போகிறது? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடி ஜாக் நீடில்மன் குழுவினர் மருத்துவமனைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதையே விட்டுவிட்டு, ஒரே மருத்துவமனைக்குள் ஷிப்ட் ஷிப்டாகப் பார்த்தார்கள். அதே கட்டடம், அதே கருவி, அதே நிர்வாகம்; இன்றைய ஷிப்டில் ஆள் தேவையான அளவு இருந்ததா, குறைந்ததா என்பது மட்டும் மாறுகிறது. நோயாளி கடக்கும் ஒவ்வொரு ஆள் குறைந்த ஷிப்டுக்கும் இறப்பு அபாயம் 2 சதவீதம் கூடியது. புதிய சேர்க்கை, மாற்றம், வீடு திரும்புதல் என்று வரவும் போக்கும் மிகுந்த ஷிப்டில் 4 சதவீதம். 2011-இல் வந்த ஆய்வு இது. படுக்கைக் கணக்கு மாறாமலேயே ஒரு ஷிப்டில் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதை யாரும் எண்ணுவதில்லை என்று குமுறியிருக்கிறீர்களா? அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

சட்டத்தையே ஆய்வுக்களமாக்கியதும் நடந்தது. 2016-இல் குவீன்ஸ்லாந்து அரசு சில பொது மருத்துவமனைகளின் வார்டுகளில் பகலில் நான்கு பேருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று விகிதம் விதித்தது. விதி வந்த 27 மருத்துவமனைகளையும் வராத 28 மருத்துவமனைகளையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். விதி வந்த இடங்களில் இறப்பு குறைந்தது. மீண்டும் வந்து சேர்வதும் படுக்கை நாட்களும் தவிர்க்கப்பட்டதில் மிச்சமான பணம், கூடுதல் ஆட்களுக்கான செலவைப்போல இரு மடங்குக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். "ஆள் வைக்கப் பணமில்லை" என்று இனி யாராவது சொன்னால், ஆள் வைக்காமல் இருக்க எவ்வளவு செலவாகிறது என்று திருப்பிக் கேட்கலாம்.

ஆள் குறைந்தால் ஏன் இறப்பு கூடுகிறது? யாரும் ஊசியை மறந்துவிட்டுத் தூங்கப் போவதில்லை. 2006-இல் அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பியாட்ரிஸ் கலிஷ் செவிலியர்களைக் குழுக்களாக உட்கார வைத்துப் பேச விட்டார்: நேரமில்லாதபோது எதை விடுகிறீர்கள்? ஒன்பது வகைகள் வெளிவந்தன. நோயாளியை நடக்க வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு உணவு, உடல் தூய்மை, பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசுவது, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, வீடு திரும்பத் தயார் செய்வது, உட்கொண்டதும் வெளியேறியதும் எழுதுவது, கண்காணிப்பு. இதில் பெரும்பாலானவை செய்யாவிட்டாலும் அன்றைக்கே யாரும் கேட்காதவை. மருத்துவர் எழுதிய மருந்து கொடுக்கப்பட்டுவிடும், ஏனென்றால் அதற்குக் கையெழுத்து இருக்கிறது. நடக்க வைக்காததற்குக் கையெழுத்து இல்லை. அது சில நாள் கழித்து நிமோனியாவாக வரும்போது, அதற்கும் அந்த ஷிப்டுக்கும் முடிச்சுப் போட யாரும் இருக்க மாட்டார்கள். சிக்கல் வருவதைவிட வந்த சிக்கலைத் தாமதமாகக் கவனிப்பதுதான் மருத்துவமனைகளை வேறுபடுத்துகிறது என்ற கருத்தை 1992-இலேயே அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சில்பர் முன்வைத்திருந்தார். கவனிக்க வேண்டியவர் வேறு படுக்கையில் நின்றுகொண்டிருந்தால் தாமதம் தானாக வரும்.

இங்கே ஒரு சின்ன வயிற்றெரிச்சல். சார்ட்டைப் புரட்டினால் வார்டில் உள்ள அத்தனை பேரும் நிமிடத்துக்குச் சரியாக 20 முறை மூச்சு விடுவார்கள். உடல்நிலை சரிவதை முதலில் காட்டும் அளவுகளில் ஒன்று மூச்சு எண்ணிக்கை. கருவி தானாகச் சொல்லாத ஒரே அளவும் பல வார்டுகளில் அதுதான், ஒரு நிமிடம் நின்று எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடம் எங்கே போனது என்பதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

எண் எதுவும் மாறாதபோதே "இவர் சரியில்லை" என்று மனசு சொல்லுமே, அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் கூஸ்கெ டவ் செவிலியரின் கவலையைத் தூண்டும் அறிகுறிகளைத் தொகுத்து, மூச்சு, ரத்த ஓட்டம், நடுக்கம், பதற்றம், வலி, எதிர்பார்த்தபடி தேறாமை, "எனக்கு என்னவோ செய்கிறது" என்று நோயாளியே சொல்வது என்று ஒரு மதிப்பெண் முறையாக்கினார். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எல்லை தாண்டும் முன்பே இந்தக் கவலை எழக்கூடும் என்று காட்டினார்கள். நள்ளிரவில் மருத்துவரை அழைக்க "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு காரணம் கையில் இல்லாத இளம் செவிலியருக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா ஆய்வும் இப்படி வெற்றியாக முடிவதில்லை, முடியவும் கூடாது. ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்தார்கள். ஒவ்வோர் இடையூறுக்கும் மருந்துப் பிழை 12 சதவீதத்துக்கு மேல் கூடியது. உடனே தோன்றும் தீர்வு, "தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதிய மேலங்கி. 2017-இல் அதையும் முறையாகச் சோதித்தார்கள். இடையூறு குறைந்தது, ஆனால் கொஞ்சம்தான். அங்கி புழுக்கமாக இருக்கிறது, போட்டுக் கழற்ற நேரமாகிறது என்றார்கள் செவிலியர்கள். இதை நிரந்தர விதியாக்க ஆதரவு தந்தவர்கள் பாதிக்கும் குறைவு. சோதிக்காமல் இருந்திருந்தால் பல நிர்வாகங்கள் அங்கியை மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று போயிருக்கும்.

பணியாளர் நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருக்கிறார்கள், இன்னும் 58 லட்சம் பேர் தேவை. இருப்பவர்களில் 78 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் பாதியளவே உள்ள நாடுகளில் இருக்கிறார்கள். ஏழு செவிலியரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். இவர்கள் ஏன் போகிறார்கள் என்று நிறையக் கேட்டாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கேள்வியைத் திருப்பிப் போட்டு, செவிலியர்கள் விலகாமல் தங்கிய 41 மருத்துவமனைகளை மட்டும் எடுத்து, ஏன் தங்குகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். தங்கள் வேலையைப் பற்றிய முடிவில் தங்களுக்குக் குரல் இருப்பது முக்கியக் காரணங்களில் ஒன்றாக வந்தது.

இப்போது உங்கள் சலிப்புக்கு வருகிறேன். முன்தேர்வு, ஒரு மணி நேரப் பாடம், பின்தேர்வு, மதிப்பெண் கூடியது, ஆகவே பாடம் பயனுள்ளது. இந்த அச்சில் வார்த்த ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. பாடம் நடத்திய அன்றைக்கே தேர்வு வைத்தால் மதிப்பெண் கூடாமல் என்ன செய்யும்? அந்தச் செவிலியர் மறுவாரம் கை கழுவினாரா, அவருடைய நோயாளிக்குத் தொற்று வந்ததா என்பதை அது தொடுவதே இல்லை. மாணவர்கள் மேல் பழி இல்லை. குறுகிய காலம், வழிகாட்டிக்குப் பழகிய பாதை, நெறிமுறைக் குழுவிடம் எளிதில் ஒப்புதல் கிடைக்கும் வசதி. ஆனாலும் அந்தப் பாதையில் போகாதீர்கள்.

"எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்" என்று உங்கள் வார்டில் சொல்லப்படுவனவற்றை எழுதிக்கொள்ளுங்கள். என்னை முதன்முதலில் உறுத்திய கேள்வி, தேறி வரும் நோயாளியை இரவில் எழுப்பி ரத்த அழுத்தம் பார்ப்பது யாருக்காக என்பது. எழுப்பியதால் சிகிச்சை மாறிய சந்தர்ப்பங்களை மட்டும் குறித்து வந்ததே மூத்தவர்களிடம் பேச வழி செய்தது. நீங்களும் நோயாளியிடம் அளக்கக்கூடிய ஒன்றையே விளைவாக வையுங்கள்: புண், விழுதல், வலி மருந்துக்குக் காத்திருந்த நேரம், தூக்கம். விடுபட்ட பராமரிப்பை அளக்கப் போகிறீர்கள் என்றால், அந்தத் தாள் எவர் மீதும் நடவடிக்கைக்குப் போகாது என்று வார்டுத் தலைவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், பெயர் எழுதாமல் திரட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் தாளிலும் எல்லோரும் 20 முறை மூச்சு விடுவார்கள். எத்தனை பேரிடம் பார்க்க வேண்டும் என்பதற்குத் தரவு திரட்டத் தொடங்கும் முன்பே ஒரு புள்ளியியலாளரைப் போய்ப் பாருங்கள். முடித்துவிட்டுப் போனால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.