முந்தின நாளே ஊர் போய்ச் சேருங்கள், துறைமுகத்துக்கு மெதுவாகப் போங்கள்

கேள்வி: நானும் கணவரும் மாமியாரும் முதன்முறையாகக் குரூஸ் போகிறோம். கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது. அன்று காலை 11 மணிக்கு இறங்கும் ஃப்ளைட்டில் போனால் போதும், ஒரு ராத்திரி ஓட்டல் செலவு மிச்சம் என்கிறார் கணவர். முந்தின நாளே போய்விடலாம் என்கிறேன் நான். "அப்படிப் போனால் மறுநாள் காலை 9 மணிக்கே துறைமுகத்துக்குப் போய் முதல் ஆளாக ஏறிவிடலாம்" என்று அதற்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி. யார் சொல்வது சரி? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவருக்குச் சாதகமாக ஏதாவது சொல்ல முடியுமா என்று பார்த்தேன், இரண்டு விஷயத்திலும் முடியவில்லை. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுவதும் மறைப்பதும் உங்கள் இஷ்டம்.

டிக்கெட்டில் இருக்கும் 5 மணி கப்பல் கிளம்பும் நேரம், நீங்கள் போய்ச் சேர வேண்டிய நேரம் அல்ல. ஏறப்போகும் பயணிகளின் பட்டியலைக் கப்பல் கம்பெனி முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களில் இதற்குக் கெடு, புறப்பட 60 நிமிடம் முன்பு. அதனால் செக்-இன் பெரும்பாலும் கப்பல் கிளம்ப ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். உங்கள் கம்பெனி எத்தனை மணிக்கு மூடுகிறது என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கும், பாருங்கள். அதற்குப் பிறகு வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை.

3.30 மணிக்கு மூடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 11 மணிக்கு விமானம் இறங்குகிறது. இமிக்ரேஷன், பெட்டிக்குக் காத்திருப்பது எல்லாம் முடிந்து வெளியே வர 12.30 ஆகிவிடும். அப்புறம் சாலைப் பயணம். விளம்பரத்தில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை நம்பி இதைக் கணக்குப் போடாதீர்கள். 'ரோம்' என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில், ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 'லண்டன்' என்பது பல சமயம் சவுத்தாம்ப்டன், நூறு கிலோமீட்டருக்கும் மேலே. இரண்டு மணி நேரம் சாலையில் போனால் 2.30. ஆக, கையில் மிஞ்சுவது ஒரே ஒரு மணி நேரம். விமானம் தாமதமானால் போச்சு.

விமானம் சரியான நேரத்துக்கு வந்தாலும் பெட்டி வரவேண்டுமே! நான் ஒருமுறை உங்கள் கணவரைப் போலவே கணக்குப் போட்டு, கப்பல் கிளம்பும் அன்றைக்கே போய் இறங்கினேன். நான் வந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. காத்திருந்தால் கப்பல் போய்விடும், ஏறினால் மாற்றுச் சட்டை இல்லை. ஏறிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு துறைமுகத்தில் பெட்டி வந்து சேர்ந்தது. முந்தின நாளே போயிருந்தால் அடுத்த விமானத்தில் ஓட்டலுக்கே வந்திருக்கும்.

கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லக்கூடும். அது வேறொரு நாடாக இருந்தால் அங்கே நுழைய விசா வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், டிக்கெட் செலவும் உங்களுடையது. அமெரிக்காவிலோ, 1886-லிருந்து இருக்கும் ஒரு சட்டத்தால் சில பயணங்களில் அப்படி நடுவில் ஏறவே விடமாட்டார்கள். விமான டிக்கெட்டைக் கப்பல் கம்பெனி மூலமாகவே எடுத்திருந்தால், தாமதமானாலும் உங்களைக் கப்பலில் சேர்க்கும் பொறுப்பைப் பொதுவாக அவர்களே ஏற்பார்கள். தனியாக எடுத்திருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

சரி, இனி அந்த 9 மணி விஷயம். அந்த நேரத்தில் கப்பலிலிருந்து போன பயணத்தின் ஆட்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போய், அறைகளைச் சுத்தம் செய்து, புதியவர்களை ஏற்ற ஆரம்பிக்கவே 11, 12 ஆகும். முதல் ஆளாக ஏறினாலும் அறை கிடைக்க மதியம் ஒன்று, ஒன்றரை ஆகலாம், அதுவரை கைப்பையைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான். சீக்கிரம் ஏறுவதில் லாபமே இல்லை என்று சொல்லமாட்டேன். நீச்சல் குளம் காலியாக இருக்கும், கூட்டம் வருமுன் கப்பலைச் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் முழங்கால் வலியுள்ள பெரியவரை டெர்மினலில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை.

பல கம்பெனிகள் ஆன்லைன் செக்-இன் செய்யும்போதே துறைமுகத்துக்கு வரும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் செக்-இன் திறந்த அன்றே உட்காருங்கள். நானாக இருந்தால் 1 மணியை ஒட்டி எடுப்பேன். முதல் நெரிசல் குறைந்திருக்கும், ஏறியதும் அறைக்குப் போய்விடலாம். மாமியாருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் இப்போதே கம்பெனிக்குச் சொல்லிவையுங்கள்.

கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏறக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று பயணிகளுக்குச் சொல்லித்தரும் பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பலின் விபத்தில் 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. இப்போது கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே நடத்தியாக வேண்டும்.

துறைமுகத்தில் போர்ட்டரிடம் கொடுக்கும் பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம்கூட ஆகும். மாமியாரின் மாத்திரைகளையும் மூன்று பேர் பாஸ்போர்ட்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பை உங்கள் கையில் இருக்கட்டும்.