தங்கைக்குச் சிதம்பரத்தில் அறை: பல்கலைக்கழகத்தை ஒட்டியா, ஊருக்குள்ளா?

கும்பகோணத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். தங்கைக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது, தினமும் போய்வர முடியாது, வளாகத்தை ஒட்டி அறை எடுப்பதா, ஊருக்குள் வாடகை குறைவாகப் பார்ப்பதா என்று. நான் அங்கே 2017 முதல் 2019 வரை படித்தேன். முதல் வருடம் ஒட்டி இருந்தேன், இரண்டாம் வருடம் ஊருக்குள். அதனால் சொல்கிறேன்.

முதலில் எந்தத் துறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடல் உயிரியல் என்றால் வகுப்பே பரங்கிப்பேட்டையில்தான் நடக்கும். அது தெரியாமல், பல்கலைக்கழக வளாகம் இருக்கும் அண்ணாமலைநகரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஊரின் அமைப்பு இதுதான். தண்டவாளத்துக்குக் கிழக்கே பல்கலைக்கழகம், மேற்கே கோயிலும் தேரோடும் வீதிகளும். ரயில் நிலையம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கம். எங்கள் வகுப்பில் சீர்காழிப் பெண் ஒருத்தி சீசன் டிக்கெட்டில் தினமும் ரயிலில் வருவாள். சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருந்து வரும் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். மேல வீதிப் பக்கம் இருந்து ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருந்து வரும் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைவோம். கிலோமீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

முதல் வருடம் நான் இருந்தது ஒரு தனியார் மகளிர் விடுதி. பேர் வேண்டாம். சாப்பாட்டோடு மாதம் 4,200 ரூபாய். பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம் என்றுதான் அப்பா சேர்த்துவிட்டார். ஆனால் மாலை ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். லேப்பில் ஒரு ரியாக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் என்ன பயன்? தூரத்தை மட்டும் கேட்டோம், கேட் பூட்டும் நேரத்தைக் கேட்கவில்லை. இன்னொன்று, வளாகமே பெரியது. அறை வாசலுக்குப் பக்கம் என்றால் எந்த வாசலுக்கு என்று கேளுங்கள். அங்கிருந்து துறைக்கு நடக்கும் தூரம் தனி. பழைய சைக்கிள் ஒன்று வாங்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

இரண்டாம் வருடம் நான்கு பேர் சேர்ந்து ஊருக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டை எடுத்தோம். வாடகை 6,000, தலைக்கு 1,500. பாதிக்கு மேல் மிச்சம் என்று குதித்தோம். அப்புறம் கணக்குப் போட்டால், மளிகை, காய், கேஸ் எல்லாம் 2,000. ஷேர் ஆட்டோ போக வரப் பத்துப் பத்து, 24 நாளுக்கு 480. கரண்டுக்கு 150. மொத்தம் 4,130. விடுதியைவிட எழுபது ரூபாய்தான் குறைவு! ஆனாலும் அந்த வீட்டை விட்டிருக்க மாட்டேன். வீட்டுக்கார மாமி வாரத்தில் இரண்டு நாள் ரசம் கொடுத்தனுப்புவார். "என்னடி, இன்னிக்கும் மேகியா?" என்று சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். எட்டு மணிக்கு வந்தால், ஏன் லேட் என்று ஒரு வார்த்தை கேட்பார், கதவைத் திறந்துவிடுவார்.

இப்போது அந்த 480 ரூபாயும் உங்கள் தங்கைக்கு மிச்சமாகலாம். 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வகுப்பு முடிந்து வரும் நேரத்துக்கு அந்த வண்டி இருக்கிறதா என்பதை மட்டும் நிறுத்தத்தில் நின்று விசாரியுங்கள்.

ஊருக்குள் இருப்பதில் ஒரு சங்கடம், திருவிழா. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் ஓடும்போது நான்கு வீதியிலும் ஆட்டோ வராது. அன்று பரீட்சை என்றால் விடியற்காலையிலேயே கிளம்பி நடக்க வேண்டியதுதான். நான் நடந்திருக்கிறேன். தேரையும் பார்த்தேன், பரீட்சையையும் எழுதினேன். மார்க் பற்றிக் கேட்காதீர்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது மழை. கும்பகோணத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வீடு பார்க்கும்போது எல்லாருக்கும் மறந்துபோகிறது. அட்மிஷன் ஆனி, ஆடியில். அப்போது தரை காய்ந்து கிடக்கும், எந்த வீடும் நல்ல வீடுதான். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நனைந்த சுடிதாரோடு செமினார் கொடுத்திருக்கிறேன். வளாகத்தை ஒட்டிய புது நகர்களும் தப்பவில்லை, பல இடங்கள் வயலை மனையாக்கியவை. தண்ணீருக்குத் தன் பழைய இடம் தெரியும். ஒரு மழை இரவில் தோழியின் தரைத்தள அறை வாசற்படியில் சாரைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்த மறுநாளே அவள் மாடிக்கு மாறிவிட்டாள்.

ஆகவே சுவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். "தண்ணி நிக்குமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டு கேளுங்கள். மாடி அறை கிடைத்தால் இருநூறு முந்நூறு அதிகமானாலும் கொடுக்கலாம்.

பண விஷயம் சுருக்கமாக. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தங்கை எடுக்கும் போர்ஷனுக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரர் மாட்டிய சப் மீட்டரா என்று கேளுங்கள். சப் மீட்டர் என்றால் அவர் சொல்வதுதான் ரேட். எங்களிடம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினார்கள். மாமி ரசம் கொடுப்பார், மாமா கரண்டில் பிடித்துவிடுவார். அட்வான்ஸ் 20,000 கொடுத்தோம், காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று 5,000 எடுத்துக்கொண்டார். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் வாதாட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. தனியார் மகளிர் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரின் உரிமம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

என் முடிவு கேட்டால்: பல்கலைக்கழக ஹாஸ்டல் கிடைத்தால் முதல் வருடம் அதுதான். கிடைக்காவிட்டால் ரயில் நிலையத்துக்கும் வளாகத்துக்கும் இடைப்பட்ட பக்கத்தில் மாடி அறை. வெள்ளிக்கிழமை மாலை மயிலாடுதுறை வழியாகக் கும்பகோணம் வரவும் அதுவே வசதி. இரண்டாம் வருடம் தோழிகள் யார் யார் என்று தெரிந்துவிடும், ஊருக்குள் போக ஆசைப்பட்டால் போகட்டும்.

வீடு பார்க்கப் போகும்போது தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் அப்பா தனியாகப் போய்ப் பார்த்து, பிடித்துப்போய், பணம் கட்டிவிட்டு வந்த அந்த விடுதி அறைக்கு ஜன்னலே கிடையாது.