பிள்ளையின் போனிலும் கணினியிலும் வைக்கும் ‘பெற்றோர் கட்டுப்பாடு’ என்றால் என்ன?

பிள்ளை எந்தச் செயலியை இறக்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம், எந்தத் தளம் திறக்கக் கூடாது என்று பெற்றோர் முன்கூட்டியே போட்டுவைக்கும் அமைப்புத்தான் அது. ஆண்ட்ராய்டு போனுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது.

ஏன் வேண்டும்? விளையாட்டுச் செயலிக்குள்ளேயே முகம் தெரியாதவர் பேச வரலாம். “நானும் தரம் ஏழுதான், உன் படம் ஒன்று அனுப்பு” என்று எழுதுபவர் நாற்பது வயது ஆளாக இருக்கலாம். அதைப் பிரித்தறியும் அனுபவம் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வளரும் பிள்ளையைத் தண்ணீருக்கே விடாமலா வைத்திருக்கிறோம்? முதலில் கரையோரம், முழங்கால் அளவு, நாமும் பக்கத்தில். நீந்தப் பழகியபின் கொஞ்சம் தள்ளி. இதுவும் அப்படித்தான், வயது கூடக் கூடத் தளர்த்த வேண்டும். எங்கள் வீட்டில் கணினி விறாந்தையில் இருக்கிறது, குசினியிலிருந்து பார்த்தால் திரை தெரியும். செயலியைவிட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

யாராவது மிரட்டினால் பிள்ளையை ஏசாதீர்கள். செய்திகளை அழிக்காமல் 1929 இலக்கத்துக்கு, அதாவது இலங்கையின் சிறுவர் உதவிச் சேவைக்கு அழையுங்கள்.

அப்புறம், ஃபேமிலி லிங்க் போட்டால் பிள்ளையின் வாட்ஸ்அப் உரையாடலையும் வாசிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது செய்திகளைக் காட்டாது, யார் பேசினார்கள் என்பதைப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.