வில்யாண்டியிலிருந்து ஆன்ஃபீல்டு வரை: ரக்னார் கிளாவன் கேள்வி பதில்

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான லிவர்பூலின் பழைய டிஃபெண்டர்களை, அதாவது தடுப்பாட்டக்காரர்களை, பற்றிப் பேசும்போது போகிற போக்கில் கிளாவன் பெயரைச் சொன்னேன். அதற்கே இத்தனை கேள்விகள். ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, முதல்ல யாரு இவரு? எஸ்டோனியாக்காரர்னு சொன்னீங்க, அந்த நாடே எனக்கு மேப்புல தேடித்தான் தெரிஞ்சுது.

பின்லாந்துக்குத் தெற்கே, வளைகுடாவைத் தாண்டினால் தாலின். அதுதான் தலைநகரம். நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 13 லட்சம். சோவியத்திலிருந்து பிரிந்த மறு வருஷம், 1992 ஜூன் 3 அன்று, ஸ்லோவேனியாவோடு 1-1 என்று டிரா செய்துதான் மறுபடி சர்வதேசக் கால்பந்தைத் தொடங்கினார்கள்.

கிளாவன் 1985இல் வில்யாண்டி என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா ட்ஸின்டார் கிளாவனும் தேசிய அணிக்கு ஆடியவர்தான். மகன் இடது கால் ஆட்டக்காரர், சென்டர் பேக், அதாவது நடுவில் நின்று தடுப்பவர். சில சமயம் இடப்பக்கம் தடுக்கும் லெஃப்ட் பேக்கும் ஆடுவார்.

உள்ளூர் லீக் எப்படி சார்? அங்கேயே பெரிய ஆளாகியிருக்க முடியாதா?

பத்து அணி, ஆளுக்கு 36 ஆட்டம். ஒவ்வோர் அணியோடும் நான்கு முறை மோத வேண்டும். குளிர்காலத்தில் மைதானம் பனிக்கு அடியில் போய்விடுவதால் சீசன் மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடியும். அங்கே பெரிய ஆளானாலும் வெளியில் யாருக்கும் தெரியாது. கிளாவன் ஊர் அணியான துலெவிக்கில் ஆடி, தாலினின் ஃப்ளோராவுக்கு வந்து, இருபது வயதுக்குள் கிளம்பிவிட்டார். நார்வேயில் வோலரெங்காவில் கொஞ்ச நாள் லோன், அதாவது தற்காலிக இரவல். 2005இல் நெதர்லாந்தின் ஹெராக்லெஸ் அல்மெலோ.

நேரா இங்கிலாந்துக்குப் போகாம ஏன் இப்படிச் சுத்தி வந்தாரு?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இதற்குப் பதில் சொல்ல கிளாவனுக்கு முன்னால் போன ஒருவரைப் பார்க்க வேண்டும்.

மார்ட் போம், கோல்கீப்பர். பின்லாந்து, சுவிட்சர்லாந்து எல்லாம் போய்விட்டு 1994இல் போர்ட்ஸ்மவுத்தில் சேர்ந்தார். அப்போது ஒரு எஸ்டோனியர் இங்கிலாந்தில் ஆட வேண்டுமென்றால் பணி அனுமதி வேண்டும். கிளப்பிலோ மாற்று ஆளாகப் பெஞ்சுதான். கடைசியில் ஃப்ளோராவுக்கே திரும்பினார். போர்ட்ஸ்மவுத்துக்கு அவரை எடுத்த அதே ஜிம் ஸ்மித், டார்பிக்கு மேனேஜரான பிறகு 1997இல் மறுபடி கூட்டிக்கொண்டு போனார். டார்பிக்கு அவருடைய முதல் ஆட்டமே ஓல்டு டிராஃபோர்டில். அன்று மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வீழ்த்திவிட்டார்கள்! ஆனால் அந்த இடத்துக்கு வர அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

2004 மே 1 அன்று எஸ்டோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. கிளாவனுக்கு அப்போது 18 வயது. அதற்குப் பிறகு ஒன்றிய நாட்டுக் கிளப்புகளுக்கு அவரை எடுப்பதில் பணி அனுமதித் தலைவலி படிப்படியாகக் குறைந்தது. போம் முட்டி மோதிய இங்கிலாந்துக் கதவு, இவர் போய்ச் சேர்ந்தபோது திறந்தே கிடந்தது. திறமையோடு பிறந்த வருஷமும் கைகொடுத்தது என்பேன். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 2021 முதல் அனுமதி விஷயம் பழையபடி ஆகிவிட்டது, ஆனால் அதற்குள் கிளாவன் வந்து ஆடிவிட்டுப் போய்விட்டார்.

சுற்றி வந்தார் என்கிறீர்கள். நான் அதை ஒவ்வொரு படியாக ஏறினார் என்பேன். ஹெராக்லெஸ், அதே நெதர்லாந்தின் ஏஸெட் அல்க்மார், ஜெர்மனியின் ஆக்ஸ்புர்க், பிறகு லிவர்பூல். எங்கேயும் அவசரப்பட்டுத் தாவவில்லை. முதல் மூன்று இடத்திலும் மூணு நாலு வருஷம் ஊன்றி ஆடிவிட்டுத்தான் நகர்ந்தார்.

அல்க்மாரில் சாம்பியன் பட்டம் வாங்கினாராமே?

ஆமாம், 2008-09. லூயி வான் கால் பயிற்சியாளர். கிளாவன் ஜனவரியில்தான் லோனில் வந்தார், அதனால் அந்தப் பட்டத்தில் அவர் பங்கு கொஞ்சம்தான். பிறகு நிரந்தரமாகி 2012 வரை இருந்தார்.

ஆக்ஸ்புர்க் பற்றி யாருமே பேசுவதில்லையே, ஏன்?

எனக்கும் அந்த வருத்தம் உண்டு. அவருடைய உச்சம் லிவர்பூல் இல்லை, ஆக்ஸ்புர்க்தான். அந்தச் சின்ன கிளப் 2014-15இல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பன்டஸ்லிகாவில் ஐந்தாம் இடம் பிடித்தது. அடுத்த சீசன் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக், அதுவும் குரூப்பில் இவருடைய பழைய அல்க்மாரோடு! அதைத் தாண்டினால் எதிரே லிவர்பூல். முதல் ஆட்டம் 0-0. லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் மில்னர் அடித்த ஒரே பெனால்டியில் ஆக்ஸ்புர்க் வெளியேறியது. சில மாதம் கழித்து லிவர்பூல் மேனேஜர் கிளாப் இவரை வாங்கினார். விலை 42 லட்சம் பவுண்டு. அந்த மார்க்கெட்டில் அது சில்லறைக் காசு.

'கிங் கிளாவன்'னு ரசிகர்கள் கிண்டல்தானே பண்ணாங்க?

பாதிக் கிண்டல், பாதிப் பாசம். முப்பது வயதில் வந்த, பரபரப்பில்லாத ஆள். அவருடைய முதல் லீக் ஆட்டம் 2016 ஆகஸ்ட் 14, ஆர்சனல் மைதானத்தில், 4-3 வெற்றி. மூன்று கோல் விட்ட ஆட்டத்தில் அறிமுகமான டிஃபெண்டரை யார் புகழுவார்கள்? ஆனால் மொத்தம் 53 ஆட்டம் ஆடினார். கிளாப் மாதிரி ஒருவர் சும்மா ஆட விடுவாரா?

அந்த பர்ன்லி கோலைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லுங்கண்ணே.

2018 ஜனவரி 1, பர்ன்லியின் டர்ஃப் மூர் மைதானம். நமக்கு இரவு எட்டரை மணி. புத்தாண்டு விருந்துக்கு வந்தவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, நான் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிவர்பூலின் நட்சத்திரங்களில் சலா இல்லை, கூட்டினோ இல்லை. மானே ஒரு கோல் போட்டார். 87வது நிமிஷத்தில் பர்ன்லி சமன் செய்தது. சரி, டிராதான் என்று எழப் போனேன். 94வது நிமிஷம் ஒரு ஃப்ரீ கிக். லோவ்ரன் தலையால் தட்டியது கோலை நோக்கிப் போக, கோட்டுக்கு ஒட்டி வந்து நின்ற கிளாவன் அதையே தலையால் உள்ளே தள்ளினார். 2-1. பிரீமியர் லீக்கில் ஒரு எஸ்டோனியர் போட்ட முதல் கோல் அது.

வேடிக்கை என்னவென்றால், ஏழரைக் கோடி பவுண்டுக்கு வாங்கிய டிஃபெண்டர் வான் டைக் முறைப்படி லிவர்பூல் ஆட்டக்காரரானதும் அதே ஜனவரி 1இல்தான். தன் இடத்துக்கு ஆள் வந்து சேர்ந்த நாளில் கோல் போட்டிருக்கிறார் மனிதர்.

லிவர்பூலுக்கு அவர் போட்டது அந்த ஒண்ணுதானா?

இரண்டு. இன்னொன்று 2016 செப்டம்பர் 20, லீக் கப்பில், டார்பியின் பிரைட் பார்க்கில். இனிமேல்தான் விஷயம். 2003இல் இதே செப்டம்பர் 20 அன்று, இதே பிரைட் பார்க்கில், நம் மார்ட் போமும் ஒரு கோல் போட்டார். கோல்கீப்பர்! அப்போது அவர் சண்டர்லேண்டில். டார்பி 1-0 முன்னிலை, 90 நிமிஷம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நேரம். தன் கோலை விட்டுவிட்டு எதிர்ப் பெட்டிக்கு ஓடி வந்து, கார்னரில் வந்த பந்தை ஓடிய வேகத்திலேயே தலையால் முட்டினார். அவ்வளவு சுத்தமான ஹெடரை ஸ்ட்ரைக்கர்களிடமே பார்ப்பது அபூர்வம். பழைய கிளப் என்பதால் கொண்டாடாமல் திரும்பி ஓடினார். பதின்மூன்று வருஷ இடைவெளியில் ஒரே தேதி, ஒரே மைதானம், இரண்டு எஸ்டோனியர்கள். ஜோசியக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

2019இல் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தபோது இவர் இல்லை. பாவம் இல்லையா?

2018 கியேவ் இறுதியாட்டத்தில் பெஞ்சில் இருந்தார், இறங்கவில்லை. ரியல் மாட்ரிட்டிடம் 3-1 தோல்வி. ஆகஸ்டில் இத்தாலியின் காலியாரிக்குப் போனார், அடுத்த வருஷமே கோப்பை. பாவம்தான். ஆனால் 32 வயதில் பெஞ்சில் உட்கார்ந்து பதக்கத்துக்குக் காத்திருப்பதா, சர்தீனியா வெயிலில் போய் ஆடுவதா என்றால் நானும் இரண்டாவதைத்தான் எடுத்திருப்பேன். 2021 வரை அங்கே ஆடிவிட்டு, ஊர் திரும்பி பைடே அணியில் சேர்ந்தார்.

தேசிய அணி ஏதாவது சாதிச்சுதா சார்?

ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2012, அதன் தகுதிச் சுற்று. பெல்கிரேடில் செர்பியாவை 3-1 என்று அடித்தார்கள். ஆனால் ஃபாரோ தீவுகளிடம் 2-0 தோற்றார்கள், அதற்கு இன்றுவரை எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை! இருந்தும் 16 புள்ளியோடு இத்தாலிக்கு அடுத்த இடம், செர்பியாவும் ஸ்லோவேனியாவும் பின்னால். தகுதிக்கான கடைசி மோதலான பிளே-ஆஃபில் அயர்லாந்து. தாலினிலேயே 0-4, அதிலும் இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே. டப்ளினில் 1-1, கதை முடிந்தது. போம், கிளாவன் இருவருமே பெரிய போட்டி எதிலும் தேசிய உடையில் ஆடியதில்லை.

அடுத்த கிளாவன் யாராவது இருக்காங்களா?

டிஃபெண்டரில் என் கண்ணில் படவில்லை. கோல்கீப்பர் கார்ல் ஹைன் ஆர்சனலில் வளர்ந்து, ஸ்பெயினின் வயாதோலித்தில் லோனில் ஆடியவர். போமின் மகன் மார்குஸ் தேசிய அணியில் மிட்ஃபீல்டர். அப்பா மாதிரி தலையால் முட்டுவாரா என்று கேட்டு ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டீர்கள். போதும், விடுங்கள்.