ஆர்.ஈ.எம்.மின் ‘மான்ஸ்டர்’: குரல் ஏன் கிடாருக்குப் பின்னால் நிற்கிறது?

அமெரிக்க ராக் குழுவான ஆர்.ஈ.எம். 1994-ல் வெளியிட்ட ‘மான்ஸ்டர்’ ஆல்பத்துக்கும், 2019-ல் வந்த அதன் ரீமிக்ஸுக்கும் (பழைய பதிவுகளையே மறுபடி கலந்த வடிவம்) கிடைத்த வரவேற்பைப் பற்றிச் சென்னை ரசிகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

பெரம்பூர்: வெளியானபோது எல்லோரும் திட்டினார்களாமே, உண்மையா சார்?

இல்லை. 1994 செப்டம்பரில் வந்த ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. ‘வாட்ஸ் த ஃப்ரீக்வென்சி, கென்னத்?’ பாட்டு அமெரிக்க இசை இதழான பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலுக்குள் நுழைந்ததே முதலிடத்தில்தான். அதற்கு முன் அந்தப் பட்டியலில் எந்தப் பாட்டும் அப்படி நுழைந்ததில்லை. விமர்சகர்களிலும் பெரும்பாலோர் பாராட்டவே செய்தார்கள். முணுமுணுப்பு பிறகு வந்தது.

அதற்குக் காரணம் முந்தைய இரண்டு ஆல்பங்கள். 1991-ன் ‘அவுட் ஆஃப் டைம்’ மேண்டலினால் நினைவில் நிற்பது. 1992-ன் ‘ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்’ சாவையும் இழப்பையும் பற்றி மெல்லப் பேசுவது. சில பாட்டுகளுக்கு வயலின் கூட்டத்தை அமைத்துக் கொடுத்தவர் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் ஸெப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ். இவை வழியாக வந்த புது ரசிகர்கள் அதே நிதானத்தை எதிர்பார்த்தார்கள். வந்தது கரகரப்பான மின்கிடார். ஆசையையும் புகழையும் பற்றி வெவ்வேறு பாத்திரங்களாக மாறிப் பாடும் குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப்.

எந்த விமர்சனத்தைப் படித்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள். 1994-ல் எழுதியவர் பாட்டை மதிப்பிட்டார். 2019-ல் எழுதியவர் பாதி நேரம் ரீமிக்ஸைத்தான் மதிப்பிட்டார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அண்ணா நகர்: அமெரிக்காவில் பழைய சிடி கடை எல்லாவற்றிலும் அந்த ஆரஞ்சு அட்டை குவிந்து கிடந்ததாமே. தோல்விதானே அது?

குவிந்து கிடந்தது நிஜம். ஆனால் அந்த நாட்டில் மட்டும் 40 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் பெற்ற ஆல்பம் இது. நூறு பேரில் ஐந்து பேர் திருப்பி விற்றாலும் இரண்டு லட்சம் பிரதிகள். ஐயாயிரம் பிரதி விற்ற ஆல்பத்தை வாங்கிய அத்தனை பேரும் வெறுத்தாலும் அது நம் கண்ணில் படாது. பழைய கடைக் குவியல் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைத்தான் சொல்லும்.

வேளச்சேரி: பாடுவது புரியவே இல்லை. என் ஸ்பீக்கரில் கோளாறா?

ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. நம் பேச்சு தெளிவாகக் கேட்பதற்கு ஏறத்தாழ 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி முக்கியம். மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே கூட்டும் கரகரப்பு) ஏறிய கிடாரும் அதே இடத்தை அடைத்துக்கொள்ளும். போதாததற்குக் குழுவின் கிடார் கலைஞர் பீட்டர் பக் இந்த ஆல்பம் முழுக்க ட்ரெமலோ பயன்படுத்துகிறார். சுருதி அசையாமல் சத்தம் மட்டும் விட்டுவிட்டு ஏறி இறங்கும் எஃபெக்ட் அது. ‘க்ரஷ் வித் ஐலைனர்’ தொடக்கத்தில் கேளுங்கள். சத்தம் ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு அசை மூழ்கும்.

இன்னொன்று, நமக்குப் பழகிய சினிமாப் பாட்டில் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும், வரி புரிய வேண்டும் என்பதற்காக. அந்தக் காதோடு ‘மான்ஸ்டர்’ கேட்டால் தப்பாக மிக்ஸ் செய்தது போலத்தான் தோன்றும். தப்பில்லை, அது தெரிந்தே எடுத்த முடிவு. நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் சாவை நினைத்து எழுதிய ‘லெட் மீ இன்’ பாட்டில் குரல் கிடார் இரைச்சலுக்கு அந்தப் பக்கம் நின்று கதவைத் தட்டுகிறது. குரலை முன்னால் இழுத்தால் அந்தத் தூரம் போய்விடும்.

கொளத்தூர்: ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்ன வித்தியாசம்? எதைக் கேட்க?

முடிந்த ஸ்டீரியோ மிக்ஸை எடுத்து மொத்தத் தொனியையும் சத்தத்தையும் திருத்துவது ரீமாஸ்டர். தனித்தனியாகப் பதிவான குரல், கிடார், டிரம்ஸ் டிராக்குகளுக்கே திரும்பிப்போய் அளவுகளை மறுபடி வைப்பது ரீமிக்ஸ். 2019-ல் இதைச் செய்தவர் அன்று குழுவோடு சேர்ந்து தயாரித்த ஸ்காட் லிட். குரலை முன்னுக்குக் கொண்டுவந்தார், கிடார் அடுக்குகளைக் குறைத்தார், சில இடங்களில் வேறு டேக்கையே (அதே பாட்டை இன்னொரு முறை பதிவு செய்ததை) எடுத்தார்.

ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பதைக் காது ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ளும். ஸ்பாட்டிஃபை என்றால் செட்டிங்ஸில் வால்யூம் நார்மலைசேஷனைப் போட்டுவிடுங்கள். சிடி என்றால் ஃபோனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போதும்: ஃபோனை ஒரே இடத்தில் வைத்து, ஒரே பாட்டின் கோரஸை இரண்டிலும் ஓடவிட்டு, சராசரி ஒரு டெசிபலுக்குள் வரும்வரை வால்யூமைத் திருத்துங்கள். பிறகு 30 நொடித் துண்டுகளாக மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

மயிலாப்பூர்: ரீமிக்ஸே அநியாயம். காய்ந்த ஓவியத்தின் மேல் வண்ணம் பூசுவது போல.

பழைய ஓவியம் அழிந்தால் அந்த வாதம் நிற்கும். ரீமிக்ஸ் வந்த அந்த 2019 சிடி பெட்டியிலேயே பழைய மிக்ஸும் இருக்கிறது.

தி. நகர்: மயிலாப்பூர்க்காரர் ‘ஸ்ட்ரேஞ்ச் கரன்சீஸ்’ ரீமிக்ஸைக் கேட்டிருக்க மாட்டார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு பழையதற்குத் திரும்பவே முடியாது.

அந்தப் பாட்டு அளவில் உங்களோடு உடன்படுகிறேன். அது கெஞ்சல். முகம் தெரியும் தூரத்தில் குரல் இருந்தால்தான் கெஞ்சல் எடுபடும். 2023-ல் ‘தி பேர்’ தொடரின் இரண்டாம் சீசனில் ஒலித்துப் புதியவர்களைக் கூட்டிவந்ததும் இந்தப் பாட்டுதான்.

மயிலாப்பூர்: அப்படியானால் 1994-ல் ரசித்தவர்கள் முட்டாள்களா?

யாரும் அப்படிச் சொல்லவில்லை ஐயா. ‘மான்ஸ்டர்’ என்ற பெயருக்கு உரியது 1994 மிக்ஸ்தான். புகழின் இரைச்சலில் சிக்கிய மனிதர்களைப் பற்றிய ஆல்பத்தில் இரைச்சலே மேலே இருக்க வேண்டும். ரீமிக்ஸ் அதற்கு எழுதிய உரை. உரையைப் படித்தால் மூலம் இன்னும் விளங்கும். அதற்காக மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே சமயம், உரை எழுதவே கூடாது என்றும் சொல்லாதீர்கள்.

தாம்பரம்: எந்த வெர்ஷன் வாங்கட்டும்?

கொளத்தூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஆவடி: பழைய சிடி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

அச்சிட்ட பக்கத்தை முதலில் பாருங்கள். தகவலைத் தாங்கும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்து வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே ஆழக் கீறினால் மீட்க முடியாது. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, ஊசித்துளை போல ஒளி தெரிந்தால் விட்டுவிடுங்கள். அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் பெரும்பாலும் பாதிக்காது. வட்டத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் பாட்டைத் தாவ வைக்கும். துடைப்பதும் நடுவிலிருந்து வெளியே நேராகத்தான், சுற்றிச் சுற்றி அல்ல. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பிளாஸ்டிக் உறையும் புத்தகத் தாளும் ஒட்டிக்கொள்ளும். விற்பவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பல்லாவரம்: இதற்கு எந்த ஆம்ப்ளிஃபையர் நல்லது?

ரிச்சி தெருவில் இரண்டு மூன்று கடை ஏறி, இதே ஆல்பத்தைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

போரூர்: ஒரிஜினலா, ரீமிக்ஸா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

மூன்றாம் முறையாக இதே கேள்வி. சத்தத்தைச் சமப்படுத்தாமல் யார் சொல்லும் ஒரு வார்த்தைக்கும் மதிப்பில்லை, என்னுடையது உட்பட.

திருவான்மியூர்: ‘கென்னத்’ பாட்டு முடியும்போது வேகம் குறைகிறது. சிடியிலிருந்து கணினிக்கு நான் ரிப் செய்ததில் பிழையா அண்ணா?

பிழையில்லை தம்பி. பதிவின்போது பாஸ் வாசித்த மைக் மில்ஸுக்கு வலி. குடல்வால் அழற்சி என்று பிறகுதான் தெரிந்தது. அவர் வேகம் தளர, மற்றவர்களும் அவரோடு சேர்ந்து தளர்ந்தார்கள். அவர் மருத்துவமனைக்குப் போனார். அந்த டேக்கையே ஆல்பத்தில் வைத்துக்கொண்டார்கள்.