ஆய்வகத்துக்கு வெளியே ஒரு பொறுப்பு: ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

தமிழ்நாட்டில் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள், தன்னார்வப் பணியைப் பற்றியும் தலைமைப் பொறுப்பைப் பற்றியும் அனுப்பிய கேள்விகள் இவை. விலங்கியலில் ஆய்வு செய்த காலத்தில் நானும் இப்பணிகளில் இருந்தேன். இப்போது ஆய்வு மாணவர்களை வழிநடத்தும் நெறியாளராக இருப்பதால் இரு பக்கத்துக் கவலைகளையும் அறிவேன்.

கேள்வி: மேடம், நான் இயற்பியலில் இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவன். சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளிகளுக்குச் சென்று சோதனைகள் செய்துகாட்ட விரும்புகிறேன். நெறியாளரோ, "முதலில் பேப்பர் வரட்டும்" என்று ஆய்வுக் கட்டுரையைக் கேட்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, நீட்டிப்பு இல்லாவிட்டால் அதிகபட்சம் 6 ஆண்டு, ஆய்வு மாணவர்களுக்கு மாதந்தோறும் தரப்படும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையோ 5 ஆண்டில் நின்றுவிடும். ஆகவே, "சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லாமல், மாதத்தில் எந்த இரண்டு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம், உங்கள் ஆய்வு முன்னேற்றத்தை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டி கூடும் மாதத்தில் யார் உங்களுக்குப் பதிலாகச் செல்வார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். என்னிடம் அப்படி வந்த எந்த மாணவரையும் நான் மறுத்ததில்லை. அவருக்குத் தெரியாமல் மட்டும் போகாதீர்கள். பின்னர் தெரியவரும்போது உங்கள் ஆய்வின் மீதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒரே ஒரு பணியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் நான் மூன்று பணிகளை ஏற்றிருந்தேன். ஒருநாள் ஆய்வகக் கருவி பழுதாகி அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு பள்ளியில் பிள்ளைகள் மதியம் முழுவதும் எனக்காகக் காத்திருந்தார்கள். தகவல்கூடச் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: சென்னையில் விலங்கியல் ஆய்வு செய்கிறேன். கடலாமைப் பாதுகாப்பு நடையில் சேர நினைக்கிறேன். இரவில் கடற்கரையில் நடப்பதால் தலைமைப் பண்பு வளரும் என்கிறார்களே, உண்மையா?

நடப்பதால் மட்டும் வளராது. நடையின் பொறுப்பை ஏற்கும்போது வளரும். சென்னைக் கடற்கரையில் மாணவர்களே நடத்தும் இந்தக் கடலாமைப் பாதுகாப்புப் பணி 1988 முதல் தொடர்ந்து நடந்துவருகிறது. ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி எனப்படும் கடலாமைகள்) கரையேறி, மணலில் ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி, ஒரு கூட்டில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகின்றன. நாய்களிடமிருந்து காப்பதற்காக அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்வதால், அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகவும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகமாகவும் பிறக்கும் என்பதால், பொரிப்பகத்தில் எங்கே நிழல் விழுகிறது என்பதுகூட ஓர் அறிவியல் முடிவுதான். பங்குனி ஆமை, 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், வனத்துறை அனுமதி பெற்ற குழுவோடு மட்டுமே முட்டைகளைத் தொடலாம்.

இனி பொறுப்புக்கு வருகிறேன். வார இறுதி இரவில் பொதுமக்கள் பலர் உடன் வருவார்கள். டார்ச் அடித்தால் ஆமை திரும்பிப் போய்விடும். ஆர்வத்தில் முன்னே ஓடும் சிறுவனையும் களைத்து உட்கார்ந்துவிடும் பெரியவரையும் ஒரே குரலில், யாரையும் புண்படுத்தாமல் கூட்டிச்செல்ல வேண்டும். விடியும் முன் கூட்டின் இடம், நேரம், முட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்தப் பயிலரங்கிலும் எனக்கு இப்பயிற்சி கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் நுண்ணிய சோதனை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நான் மதுரையில் வேதியியல் ஆய்வு மாணவி. பள்ளியில் பேசப் போனால் தமிழில் சொற்கள் வருவதில்லை. என்ன செய்வது?

சொற்களை விடப் பொருளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் ஒருநாள் நண்பகலில் சூரியன் உச்சிக்கு நேராக நிற்கும். செங்குத்தாக நிறுத்திய குழாயின் நிழல் அப்போது மறைந்துவிடும். அதைக் கண்ட பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள், உங்களுக்கும் தமிழ் தானாக வரும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் வெளியிடும் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழைப் படித்தால் எளிய சொற்கள் நிறையக் கிடைக்கும்.

கேள்வி: கைக்குழந்தை இருப்பதால் என்னால் வெளியே அதிகம் போக முடியாது. எனக்கும் ஏதாவது பணி உண்டா?

உண்டு. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், மாடியில் 15 நிமிடம் நின்று கண்ட பறவைகளை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தாலே போதும். இந்த ஆண்டு அதுவும் முடியவில்லையென்றால் விட்டுவிடுங்கள், குற்ற உணர்வு தேவையே இல்லை.

கேள்வி: ஆய்வு மாணவர் சங்கத்துக்குப் பிரதிநிதியாக நிற்கச் சொல்கிறார்கள். பெயர் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன், மேடம்.

ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2019 இல் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆகவும், 2023 இல் 37,000 ஆகவும் உயர்ந்ததற்குப் பின்னால், நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் மனு எழுதியதும் கூடி நின்றதும் இருக்கின்றன. எனவே அது தகுதியான பணிதான். தனியாக மட்டும் அலுவலர்களைச் சந்திக்காதீர்கள். இருவராகச் சென்று, பேசியதை அன்றே எழுதி, எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஆய்வேடு எழுதத் தொடங்கிவிட்டேன். மூன்று ஆண்டாகப் பார்த்த பொறுப்பை எப்படி விடுவது?

ஆறு மாதம் முன்பே ஒருவரைக் கண்டுபிடித்து, முதல் மூன்று மாதம் அவர் உங்களோடு வரட்டும், அடுத்த மூன்று மாதம் நீங்கள் அவரோடு செல்லுங்கள். பள்ளித் தலைமையாசிரியர்களின் எண்கள், சோதனைப் பெட்டியின் சாவி, எந்தப் பள்ளியில் எது செய்தாயிற்று என்ற குறிப்பேடு ஆகிய மூன்றையும் நேரில் கொடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழைவிட இதையே எழுதுங்கள்: எத்தனை பள்ளிகள், எத்தனை தன்னார்வலர்கள், இப்போது அதை நடத்துபவர் யார்.